விடுதியில் கட்டுமான வேலை நடந்து விடுமுறை கெட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

ஏழு இரவுகளுக்கு முன்பதிவு செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, குடும்பத்தோடு போய் இறங்கிய விடுதியில், மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் அறைக்கு நேர் மேலே தரையை உடைக்கத் தொடங்கினார்கள். மேசையில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டே இருந்தது. பால்கனிக் கதவைச் சாத்தி வைத்திருந்தும், மாலைக்குள் தலையணை உறையில் விரலால் கோடு போடும் அளவுக்குச் சிமெண்ட் தூசி படிந்துவிட்டது. இரண்டு நாள் ரிசப்ஷனில் வாய்வார்த்தையாக முறையிட்டேன். "இன்றோடு முடிந்துவிடும்" என்றே இரண்டு நாளும் சொன்னார்கள். மூன்றாம் நாள்தான், பயணத்தை எங்களுக்கு விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஊர் திரும்பி நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்திய பிறகு, மூன்றாம் நாளிலிருந்து மட்டும் கணக்கிட்டுப் பணம் தந்தார்கள். முதல் இரண்டு நாளைப் பற்றித் தங்களுக்குத் தகவலே வரவில்லை என்று பதில் எழுதினார்கள். வந்தது என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த இழப்பு இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு சட்ட விதிகளைத் தேடிப் படித்ததையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்கள் இப்போது அந்த விடுதியிலேயே இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், நேராக மூன்றாம் படிக்குப் போய்விடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

1. உங்கள் ஒப்பந்தம் யாருடன் என்று பாருங்கள்

பணம் யாரிடம் கேட்பது என்பதே பலருக்கும் முதல் குழப்பம். விமானச் சீட்டும் விடுதியும், அல்லது விடுதியும் வாடகைக் காரும் என்று குறைந்தது இரண்டு வகைச் சேவைகளை ஒரே பயணத்துக்காகச் சேர்த்து வாங்கியிருந்தால், அது பேக்கேஜ் பயணம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படியும், பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படியும், விடுதியில் நடக்கும் குறைக்கும் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனமே பொறுப்பு. "அது விடுதியின் தவறு, எங்களுடையது அல்ல" என்று அவர்கள் ஒதுங்க முடியாது. ஐரோப்பிய விதிப்படி, பயணத்தை உங்களுக்கு விற்ற ஏஜெண்டுக்கு எழுதினாலும் ஏற்பாட்டாளருக்கே எழுதியதாகக் கணக்கு.

அறையை மட்டும் தனியாக முன்பதிவு செய்திருந்தால், ஒப்பந்தம் பெரும்பாலும் விடுதியோடுதான். முன்பதிவுத் தளம் இடைத்தரகர். ஆனால் பணத்தைத் தளமே வாங்கியிருந்தால் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுங்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்றும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த அலுவலரின் விவரம் தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும்.

2. கிளம்பும் முன்பே தெரியவந்தால்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, விடுதியைப் பற்றிய மதிப்புரைகளை நாள் வரிசையில், புதியது முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். கட்டுமான வேலை நடந்தால் யாராவது எழுதியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் விடுதிக்கும் விற்றவருக்கும் எழுத்தில் கேளுங்கள்: நான் தங்கும் நாள்களில் வேலை நடக்குமா, எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், நீச்சல் குளம் போன்ற வசதி ஏதாவது மூடப்பட்டிருக்குமா? பதில் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குச் சான்று.

ஏற்பாட்டாளரே பேக்கேஜின் முக்கிய அம்சத்தில் பெரிய மாற்றம் என்று அறிவித்தால், மேற்சொன்ன ஐரோப்பிய, பிரிட்டன் விதிகளின்படி, அந்த மாற்றத்தை ஏற்கலாம். அல்லது ரத்துக் கட்டணம் எதுவும் இல்லாமல் விலகி, 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் மாற்றத்தைத் தெரிவிக்கும் அந்தக் கடிதத்தில் பதில் சொல்லக் கெடு ஒன்று இருக்கும். பதில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். கவனித்துப் படித்து, கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. முன்பதிவின்போதே "விடுதியில் மேம்பாட்டுப் பணிகள் நடைபெறலாம்" என்ற வரி காட்டப்பட்டு, குறைந்த விலைக்கு நீங்கள் அதை ஏற்றிருந்தால், பிற்பாடு உங்கள் கோரிக்கை வலுவிழக்கும். அதே வரி நீங்கள் பணம் கட்டிய பிறகு இணையப் பக்கத்தில் சேர்க்கப்பட்டதாக இருந்தால் நிலைமை வேறு. அதனால்தான், முன்பதிவு செய்யும் நாளிலேயே அந்தப் பக்கத்தை முழுவதுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

3. முதல் நாளே, எழுத்தில், சரியான இடத்துக்குப் புகார்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஐரோப்பிய விதி, குறையைக் கண்ட பயணி தேவையற்ற தாமதமின்றி ஏற்பாட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியின் சிவில் சட்டம் இன்னும் ஒரு படி போய், பயணி தன் தவறால் சொல்லாமல் இருந்து, அதனால் ஏற்பாட்டாளர் குறையைச் சரிசெய்ய முடியாமல் போயிருந்தால், விலைக்குறைப்பு கேட்க முடியாது என்கிறது. மற்ற நாடுகளிலும் எதிர்த் தரப்பு முதலில் எழுப்பும் கேள்வி, "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான்.

ரிசப்ஷனில் சொல்வது தேவைதான். அறையை மாற்றித் தரக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் பேக்கேஜ் பயணத்தில் ரிசப்ஷன் உங்கள் ஒப்பந்தத் தரப்பு அல்ல. ஏற்பாட்டாளரின் பிரதிநிதி, அவர்களின் 24 மணி நேர எண், அவர்களின் மின்னஞ்சல் ஆகிய வழிகளில் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த கையோடு, பேசியவரின் பெயர், நேரம், சொன்ன பதில் மூன்றையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். விடுதி மேலாளரிடமும் புகார் நகல் ஒன்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தார் என்பதையும் அதே மின்னஞ்சலில் சேருங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். நான் இப்போது எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"முன்பதிவு எண் இது. இன்று காலை 8.00 முதல் 12.30 வரை, எங்கள் அறைக்கு நேர் மேல் தளத்தில் இயந்திரத்தால் தரை உடைக்கப்படுகிறது. அறையில் இருக்க முடியவில்லை; தூசி உள்ளே வருகிறது; நீச்சல் குளம் தடுப்பு வைத்து மூடப்பட்டுள்ளது. முன்பதிவின்போது இது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. நாளை நண்பகல் 12 மணிக்குள் வேலைச் சத்தம் எட்டாத அறையோ, இதே தரத்தில் வேறு விடுதியோ ஏற்பாடு செய்து தரவும். விலைக்குறைப்பும் இழப்பீடும் கோரும் உரிமையைக் கைவிடவில்லை. படங்களும் காணொளியும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் கெடு குறித்திருப்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய விதிகளின்படி, நீங்கள் தந்த நியாயமான கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால், நீங்களே மாற்று ஏற்பாடு செய்துகொண்டு, அதற்கான அவசியச் செலவைத் திரும்பக் கேட்கலாம். கெடு கொடுக்காமல் கோபத்தில் அறையைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போனால், அந்தச் செலவு உங்கள் தலையிலேயே விழக்கூடும். சரிசெய்ய மாட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாக மறுத்துவிட்டால் மட்டும் கெடு தேவையில்லை.

சத்தம் நின்று மறுநாள் மீண்டும் தொடங்கினால், மீண்டும் எழுதுங்கள். ஒரு முறை சொன்னோமே என்று விட்டுவிட்டால், முதல் புகாரோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வாதிடுவார்கள்.

4. சான்றுகளைச் சேருங்கள்

நாளேடு ஒன்று போடுங்கள். விடுதி மேசையில் கிடக்கும் குறிப்புத்தாள் போதும். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்தப் படம் அதற்குரியது என்று வரிசையாக எழுதுங்கள். "நாள் முழுவதும் தாங்க முடியாத சத்தம்" என்ற வாக்கியத்தை விட, "8.05 முதல் 10.40 வரை டிரில்லிங், 11.15 முதல் 1.00 வரை சுத்தியல்" என்ற வரிக்கு மதிப்பு அதிகம்.

காணொளியை அறைக்குள்ளிருந்து தொடங்கி, அறை எண்ணைக் காட்டி, அப்படியே ஜன்னலுக்கு நடந்து போய் வேலை நடக்கும் இடத்தைக் காட்டி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். சத்தம் எங்கிருந்தோ வருகிறது என்ற வாதம் அதனால் அடைபடும். கைபேசியின் ஒலி அளவுச் செயலி துல்லியமான கருவி அல்ல. துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களை இழந்துவிடும்.

பெரும்பாலோர் தவறவிடும் சான்று ஒன்று இருக்கிறது: வேலை நடக்கும் இடத்தின் அறிவிப்புப் பலகை. பல நாடுகளில் கட்டட அனுமதி எண், பணி தொடங்கிய தேதி, முடியும் தேதி, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றை வாசலில் எழுதி மாட்டியிருப்பார்கள். எங்கள் விடுதியின் பின்வாசலில் அப்படி ஒரு தகரப் பலகை இருந்தது. கடைசி நாள் குப்பைத் தொட்டியைத் தேடிப் போனபோதுதான் அது என் கண்ணில் பட்டது. நான் பணம் கட்டியதற்கு ஆறு வாரம் முன்னதாகவே வேலை தொடங்கியிருந்தது என்பதை அந்தப் பலகையே சொன்னது. "எதிர்பாராத அவசரப் பழுது" என்ற அவர்களின் விளக்கம் அந்த ஒரு படத்தோடு முடிந்துபோனது.

பக்கத்து அறைக்காரர்கள் ஒப்புக்கொண்டால், தொடர்பு விவரத்தைப் பரிமாறிக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக எழுதிய புகார் ஒத்துப்போவது பெரிய பலம்.

5. அங்கே தரப்படும் சமாதானத்தை யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள்

நியாயமான மாற்று அறை தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் மறுத்துவிட்டு, பிறகு இழப்பீடு கேட்டால் எடுபடாது. ஆனால் மாற்று அறைக்குப் போனதாலேயே அதுவரை கழிந்த நாள்களுக்கான உரிமை போய்விடாது.

கவனமாக இருக்க வேண்டியது கையெழுத்தில்தான். இலவச இரவு உணவு, ஸ்பா கூப்பன், அடுத்த முறைக்கான வவுச்சர் என்று ஏதாவது தந்து, ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதில் "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற பொருளில் வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தாலும் கையெழுத்திடாதீர்கள். பரிசாகத் தந்தால் வாங்கிக்கொண்டு, "இதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை" என்று அன்றே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

6. எவ்வளவு கேட்கலாம்?

இரண்டு தொகைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று விலைக்குறைப்பு: வாங்கிய பொருளுக்கும் கிடைத்த பொருளுக்கும் உள்ள வித்தியாசம். மற்றொன்று இழப்பீடு: மாற்று விடுதிச் செலவு, டாக்ஸி, கெட்டுப்போன விடுமுறைக்கான மன உளைச்சல் போன்றவை. ஐரோப்பிய பேக்கேஜ் விதிகளில் விலைக்குறைப்புக்கு ஏற்பாட்டாளரின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. பக்கத்து மனையில் யாரோ கட்டினாலும் உங்களுக்குக் கிடைத்தது குறைவுதான். இழப்பீட்டுக்கு மட்டும், தொடர்பில்லாத மூன்றாம் நபரால் எதிர்பாராமல் நேர்ந்தது, தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் போன்ற விதிவிலக்குகள் உண்டு.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் மாநில நீதிமன்றம் வகுத்த ஒரு பட்டியல் வழிகாட்டியாகப் புழங்கிவந்திருக்கிறது: பகல் சத்தத்துக்கு 5 முதல் 25 சதவீதம், இரவுச் சத்தத்துக்கு 10 முதல் 40 சதவீதம். அது எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேச்சைத் தொடங்க ஓர் எண் கிடைக்கிறது. ஏழு நாள் பேக்கேஜுக்கு மொத்தம் 70,000 கட்டியிருந்தால், ஒரு நாளுக்கு 10,000; ஐந்து நாள் பகல் சத்தம், 20 சதவீதம் என்றால் நாளுக்கு 2,000 வீதம் 10,000. நீச்சல் குளம் மூடியிருந்தது, தூசி என்பவற்றைத் தனித்தனி வரியாகச் சேருங்கள்.

முழுப் பணமும் கேட்க முடியுமா? 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதே போன்ற வழக்கு ஒன்றில் விளக்கம் தந்தது. போலந்துப் பயணிகள் இருவர் அல்பேனியாவில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, அரசு ஆணைப்படி நீச்சல் குளங்கள் இடிக்கப்பட்டன. அந்தச் சத்தம் நாள் முழுவதும் கேட்டது. கடைசி நாள்களில் கட்டடத்துக்கு மேலும் ஒரு தளம் எழுப்பும் வேலை தொடங்கியது. சில சேவைகள் கிடைத்திருந்தாலும், பயணத்தின் நோக்கமே நிறைவேறாத அளவுக்குக் குறை கடுமையானது என்றால், முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. அந்த அளவு கடுமை இல்லாதபோது நூறு சதவீதம் கேட்பதால் உங்கள் கடிதத்தின் நம்பகம்தான் குறையும் என்பது என் கருத்து.

7. திரும்பி வந்ததும் கோரிக்கைக் கடிதம்

வந்த இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். நினைவும் சூடாக இருக்கும், எதிர்த் தரப்பின் பதிவுகளும் அழியாமல் இருக்கும். முன்பதிவு உறுதிக் கடிதம், பணம் கட்டிய ரசீது, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அங்கிருந்து அனுப்பிய புகார்கள், நாளேடு, படங்களின் பட்டியல், கூடுதல் செலவு ரசீதுகள், கணக்குத் தாள் ஆகியவற்றை எண்ணிட்டு இணையுங்கள். கேட்கும் தொகையைத் தெளிவாகக் குறித்து, வங்கிக் கணக்கு விவரம் தந்து, பதிலுக்கு 14 முதல் 30 நாள் கெடு கொடுங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தச் சிறு செலவு பின்னால் கைகொடுக்கும்.

முதல் பதில் பெரும்பாலும் வருத்தக் கடிதமும் வவுச்சரும்தான். பணமாகவே வேண்டும் என்றால் அதைச் சொல்லி, அடுத்த கெடுவோடு மறுபடி எழுதுங்கள்.

8. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியையும் கேளுங்கள்

கடன் அட்டை, டெபிட் அட்டை இரண்டிலும் "விவரித்தபடி சேவை தரப்படவில்லை" என்ற காரணத்தில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திருப்பி எடுத்துத் தரும்படி, கோரலாம். காலக்கெடு பெரும்பாலும் 120 நாள். வங்கிக்கு வங்கி நிபந்தனை மாறும் என்பதால் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். விற்றவரோடு பேசிப் பேசியே இந்தக் கெடுவைக் கடத்திவிடுவது எளிதாக நடக்கும் தவறு.

பிரிட்டனில் கடன் அட்டைக்கு இன்னொரு வழியும் உண்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு: விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்தால், விற்றவரோடு சேர்த்து அட்டை நிறுவனமும் பொறுப்பு. இடையில் ஏஜெண்ட் ஒருவர் பணத்தை வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். ரசீதில் பணம் பெற்றவர் யார் என்று பாருங்கள்.

9. கடைசி வழி: மன்றமும் தீர்ப்பாயமும்

இந்தியாவில், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. கட்டுமான வேலையை மறைத்து அறையை விற்ற விடுதிக்கு இது நேராகப் பொருந்தும். விடுதி வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இணையவழியில் இ-ஜாக்ருதி தளத்தில் தாக்கல் செய்யலாம்; வழக்கறிஞர் கட்டாயம் அல்ல. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த் தரப்பு பதில் தர 30 நாளும், அதிகபட்சம் மேலும் 15 நாளும் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிட நீளும் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். இரண்டு ஆண்டுக் கெடு. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நுகர்வோர் கட்டணம் 10 வெள்ளி. மலேசியாவின் நுகர்வோர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். மூன்று ஆண்டுக் கெடு. கட்டணம் 5 ரிங்கிட். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு கோரிக்கைக்கான வரம்பு 10,000 பவுண்டு; ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுவரை அவகாசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டிய வழக்குகளுக்கு 5,000 யூரோ வரை தனி நடைமுறை உண்டு. அதற்கும் வழக்கறிஞர் தேவையில்லை. ஜெர்மனியில் பயணக் கோரிக்கைகளுக்கான கெடு, ஒப்பந்தப்படி பயணம் முடிய வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பழைய வழிகாட்டிகள் பல, ஐரோப்பிய ஆணையத்தின் இணையவழித் தகராறு தீர்வுத் தளத்தில் புகார் தரச் சொல்லும். அந்தத் தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தியாவில் வழக்குப் போடுவோருக்கு இன்னொரு விவரம். கைபேசிப் படம், காணொளி, மின்னஞ்சல் அச்சு ஆகியவற்றைத் தாக்கல் செய்யும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுகளுக்குரிய சான்றிதழையும் சேர்த்துத் தந்துவிடுங்கள். அதற்கான படிவம் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டாம் பகுதியை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும் என்பதால், தாக்கலுக்குச் சில நாள் முன்பே அதைத் தொடங்குங்கள். படம் எடுத்த கைபேசியை வழக்கு முடியும்வரை விற்காமல் வைத்திருங்கள்.